மஞ்சள் தூள் ‘தரம் குறைந்தது’ என்று நோட்டீஸ் வந்திருக்கிறது, ஜெயிலுக்குப் போவேனா?

சென்னை வளசரவாக்கத்திலிருந்து 46 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், தெரு, பிராண்டு எதுவும் வெளியில் வரக்கூடாது என்று கேட்டிருப்பதால், அடையாளங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு 2020-ல் வேலை போன பிறகு, வீட்டிலேயே சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, மஞ்சள் தூள் என்று அரைத்து விற்க ஆரம்பித்தார். முதலில் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில். இப்போது அண்ணா நகரில் ஒரு கடையிலும் அவருடைய பாக்கெட் தொங்குகிறது. மஞ்சள், ஈரோட்டுப் பக்கம் அவருடைய அண்ணன் தோட்டத்தில் விளைவது. மிளகாயும் மல்லியும் மொத்தக் கடையில் வாங்குகிறார். எல்லாவற்றையும் மொட்டை மாடியில் காயவைத்து, பக்கத்துத் தெரு மிஷினில் அரைத்து வருகிறார். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு எண் இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் ஒருவர் 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தது.

ஒன்றரை மாதத்துக்கு முன் ஓர் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வீட்டுக்கு வந்தார். நான்கு பாக்கெட் மஞ்சள் தூளை எடுத்தார், நான்குக்கும் விலை கொடுத்தார், சீல் வைத்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஒன்பது நாளைக்கு முன் தபாலில் ஆய்வறிக்கை வந்தது. அமிலத்தில் கரையாத சாம்பல் 1.9 சதவீதம், ஆகவே ‘தரம் குறைந்தது’. லேபிளில் குறைகள், ஆகவே ‘தப்புக் குறியீடு’. மறுநாளே ஒரு போன்: “டெல்லி எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யிலிருந்து பேசுகிறோம், 35,000 ரூபாய் ஜிபே செய்தால் ஃபைலை மூடிவிடுவோம்.” இவருடைய மாமனார் ஒரு காலத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். எண்பதுகளில் துவரம்பருப்பில் கலப்படம் என்று அவர்மேல் வழக்கு வந்து, ஆறேழு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்திருக்கிறார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த வீடு, இப்போது ஆடிப்போயிருக்கிறது.

அவர் கேட்பவை: ஜெயிலா? அரசாங்கமே அங்கீகாரம் கொடுத்துவிட்டு அரசாங்கமே கேஸ் போடுமா? மஞ்சள் விவசாயப் பொருள்தானே, மத்திய வேளாண் அமைச்சகத்துக்கு மனு போட்டால் நிற்குமா? அண்ணனுக்கு ஏதாவது வருமா? தொழிலை மூடிவிடலாமா?

சகோதரி,

அறிக்கையின் நகலையும் வைத்து அனுப்பியது நல்லதாயிற்று. இரண்டு முறை படித்தேன். ஜெயில் இல்லை. ‘தரம் குறைந்தது’, ‘தப்புக் குறியீடு’ இரண்டுக்குமே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பண அபராதம் மட்டும்தான். முதலில் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

அடுத்தது அந்த 35,000 ரூபாய். ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். இந்தச் சட்டத்தில் எந்த அபராதமும் ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்குக் கட்டப்படுவதில்லை. எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் அபராதம் என்று ஒன்று கிடையாது. அந்த எண்ணை 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகாராகக் கொடுங்கள். உங்களுக்கு நோட்டீஸ் வந்தது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிந்திருக்கவே வேண்டாம். பாக்கெட்டில் உங்கள் போன் நம்பர் அச்சாகியிருக்கிறது. பொடி விற்கிற நூறு பேருக்கு இதே போனைப் போட்டால், நோட்டீஸ் வந்த நாலு பேராவது பயந்து அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது, நாள் கணக்கு. அறிக்கை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கடிதம் எழுதும்போதே ஒன்பது நாள் போயிருந்தது. இந்தப் பதில் அச்சாகி வருவதற்குள் இன்னும் சில நாள் போகும் என்பதால், இந்த ஒரு விஷயத்தை மட்டும் உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். தபால் வந்த உறையைக் கிழித்துப் போட்டுவிடவில்லையே? அதிலுள்ள தேதி முத்திரைதான் உங்கள் சாட்சி.

வேளாண் அமைச்சகம் அல்ல, டெல்லியும் அல்ல

நீங்கள் எழுதிவைத்திருக்கிற மனுவை அனுப்ப வேண்டாம். அது தவறான வாசல். உணவு என்றால் விவசாயம், ஆகவே வேளாண் அமைச்சகம் என்று நினைப்பது இயல்புதான். படித்தவர்களே என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அதாவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருவது. 2006-ல் வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின்படி 2008-ல் அமைக்கப்பட்டது. அதன் ஆணையக் குழுவில் வேளாண் அமைச்சகத்துக்கு ஒரு நாற்காலி உண்டு, விவசாய அமைப்புகளுக்கு இரண்டு உண்டு. அவ்வளவுதான்.

உங்கள் மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்களேன். அண்ணன் தோட்டத்தில் எந்தப் பூச்சிமருந்தை அடிக்கலாம் என்று அனுமதிப்பது வேளாண் அமைச்சகத்தின் கீழுள்ள பதிவுக் குழு. அதற்கு 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டம். அந்த மருந்தின் எச்சம் உணவில் எவ்வளவு வரை இருக்கலாம் என்று சொல்வது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விளைந்ததைத் தரம் பிரித்து அக்மார்க் முத்திரை கொடுப்பது மறுபடி வேளாண் அமைச்சகம், அதுவும் 1937-ம் ஆண்டுச் சட்டப்படி. மஞ்சளை வெளிநாட்டுக்கு அனுப்பினால் கொச்சியிலுள்ள ஸ்பைசஸ் போர்டு. 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தில் தொடங்கிய தேசிய மஞ்சள் வாரியம் பற்றி உங்கள் அண்ணன் பேப்பரில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும், ஸ்பைசஸ் போர்டும் வர்த்தக அமைச்சகத்தைச் சேர்ந்தவை. பாக்கெட்டில் எடையும் விலையும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர் எடையளவுச் சட்டத்துக்காரர். தமிழ்நாட்டில் அவர் தொழிலாளர் துறையில் இருக்கிறார். ஒரு கிழங்குக்கு இத்தனை வீடு!

அப்புறம், உங்கள் வீட்டுக்கு வந்தவர் டெல்லியின் ஆள் அல்ல. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எழுதும், மாநிலம் நடத்தும். எந்தப் பொருளில் எது எவ்வளவு இருக்கலாம், லேபிளில் என்ன வேண்டும், எந்த ஆய்வகம் செல்லும் என்பதை ஆணையம் விதியாக எழுதுகிறது. இறக்குமதியாளர்கள், பெரிய கம்பெனிகள் போன்ற மத்திய உரிமக்காரர்களை அது நேரடியாகப் பார்த்துக்கொள்ளும். உங்களைப் போன்றவர்களுக்கு எல்லாமே தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைதான். பகுதிக்கு ஓர் உணவுப் பாதுகாப்பு அலுவலர், மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர், மேலே தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையர். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்கும், 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கும் இங்கே தடை வந்தது நினைவிருக்கிறதா? அவை தமிழ்நாடு அரசின் தடைகள், டெல்லி போட்டவை அல்ல. உங்கள் ஃபைலும் இங்கே, சென்னை மாவட்ட நியமன அலுவலர் மேஜையில் இருக்கிறது. எழுத வேண்டியதை அவருக்கு எழுதுங்கள்.

அந்த 14 எண்கள்

“அரசாங்கம் அங்கீகாரம் கொடுத்திருக்கிறது” என்று கடிதத்தில் நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பாக்கெட்டிலும் ‘எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அங்கீகாரம் பெற்றது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். இங்கேதான் நீங்கள் தடுக்கி விழுந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்த எண் உங்கள் மஞ்சளுக்குக் கொடுத்த மார்க் அல்ல. யாரும் உங்கள் பொடியைச் சோதித்துவிட்டு அதைக் கொடுக்கவில்லை. ‘இந்த முகவரியில் இந்தப் பெயரில் ஒருவர் உணவு செய்து விற்கிறார், ஏதாவது நடந்தால் இவரைக் கேட்கலாம்’ என்ற பதிவுதான் அது. உங்கள் எண் 2-ல் தொடங்குகிறது பாருங்கள். அது சிறு தொழில்களுக்கான பதிவு. 1-ல் தொடங்கினால் உரிமம். பதிவுக்கு அரசுக் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து எடுத்தாலும் 500-தான். உங்களிடம் வாங்கிய 2,500-ல் மீதி எங்கே போனது என்பதை அந்தப் பிரவுசிங் சென்டரில்தான் கேட்க வேண்டும்.

அதைவிட எனக்குக் கவலை தந்தது வேறு. பதிவுச் சான்றில் உங்கள் தொழில் வகை ‘சில்லறை விற்பனையாளர்’ என்று இருக்கிறது. நீங்கள் அரைத்து, பாக்கெட் போட்டு விற்கிறீர்கள், நீங்கள் உற்பத்தியாளர். எடுத்துக் கொடுத்தவர் கைக்கு எட்டிய பெட்டியில் டிக் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு, உரிமத்துக்கான ஃபாஸ்காஸ் இணையதளத்தில் இதைத் திருத்த விண்ணப்பிக்கலாம். விசாரணையில் யாராவது சுட்டிக்காட்டுவதற்கு முன் நீங்களே திருத்திவிடுவது நல்லது.

“லாபம் மாதம் இருபதாயிரம்தான், அதற்கு இவ்வளவு சட்டமா” என்று கேட்டிருக்கிறீர்கள். பதிவா உரிமமா என்பதற்கு லாபத்தைப் பார்க்கமாட்டார்கள், மொத்த விற்பனையைப் பார்ப்பார்கள். 2011-ல் வந்த ஒழுங்குமுறை, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை பதிவு போதும் என்று வைத்தது. நீங்கள் மாதம் 90,000-க்கு விற்பதாகச் சொல்கிறீர்கள். வருஷத்துக்கு 10 லட்சத்து 80 ஆயிரம். மாதம் பத்தாயிரம் கூடினாலே அந்த 12 லட்சக் கோட்டைத் தொட்டுவிடுவீர்கள். இந்த வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படும், அதனால் அன்றைய தேதிக்கு என்ன என்பதை அதே இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். லாபமே இல்லாமல் விற்றாலும் இந்தச் சட்டத்துக்கு அது உணவுத் தொழில்தான். அன்னதானம் போடுகிற கோயில்களே பதிவு எடுத்து வைத்திருக்கின்றன.

அண்ணன் கையில் மஞ்சள், உங்கள் கையில் உணவு

அண்ணனுக்கு ஒன்றும் வராது. இந்தச் சட்டத்தின் 18-ம் பிரிவு, விவசாயிக்கும் அவருடைய பயிருக்கும் தோட்டத்து அளவிலான விளைபொருளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. மஞ்சளை வெட்டி, வேகவைத்து, களத்தில் காயவைத்து மூட்டை கட்டுவது வரை அவர் இந்த வட்டத்துக்கு வெளியே. ஆனால் அதே மூட்டை பஸ்ஸில் ஏறிக் கோயம்பேட்டில் இறங்கி உங்கள் கைக்கு வந்ததும், சட்டத்தின் கண்ணில் அது உணவு. ‘முதன்மை உணவு’ என்பதற்கு அந்தச் சட்டம் கொடுக்கும் விளக்கத்திலேயே, விவசாயி, மீனவர் அல்லாத ஒருவரின் கையில் இருப்பது என்று இருக்கிறது. ஆக, ‘இது விவசாயப் பொருள்’ என்ற உங்கள் வாதம் அண்ணனைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது.

1.9 என்றால் என்ன

பயப்படாமல் அந்த அறிக்கையை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். அதில் உங்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது. லெட் குரோமேட் என்ற வரிக்கு எதிரே ‘இல்லை’ என்று இருக்கிறதே, அதுதான். மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்றச் சிலர் சேர்க்கிற ஈய நஞ்சு அது. அது இருந்திருந்தால் அறிக்கை ‘பாதுகாப்பற்றது’ என்று வந்திருக்கும். உணவின் தரத்தைப் பொறுத்தவரை, பாதுகாப்பற்ற உணவுக்குத்தான் இந்தச் சட்டத்தில் சிறை. அப்போது நானும் உங்களோடு இவ்வளவு நிதானமாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

மஞ்சள் தூளுக்கு ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, மொத்தச் சாம்பல் 9, மாவுச்சத்து 60, அமிலத்தில் கரையாத சாம்பல் 1.5 என்று விதி. மற்ற மூன்றிலும் நீங்கள் வரம்புக்குள் இருக்கிறீர்கள். கடைசி ஒன்றில்தான் 1.9. தூளை எரித்துச் சாம்பலாக்கி, அதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால், செடியிலிருந்து வந்த உப்புகள் கரைந்துவிடும். கரையாமல் அடியில் தங்குவது பெரும்பாலும் மணல். அதாவது, அறிக்கை தந்த கிண்டி ஆய்வகம் சொல்வது இவ்வளவுதான்: உங்கள் மஞ்சளில் மண் கொஞ்சம் அதிகம்.

அந்த மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டு மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் கழுவித்தான் அனுப்பினார், மிஷின்காரர்தான் ஏதோ கலந்துவிட்டார் என்றெல்லாம். ஆனால் ஐந்தாம் பக்கத்தில் போகிற போக்கில், வீட்டு வாசலில் ஒரு வருஷமாகப் பாலத் தூண் வேலை நடக்கிறது, துணி காயவைத்தாலே பழுப்பாகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மஞ்சளும் அதே மாடியில்தானே காய்கிறது?

சட்டத்தில் ‘தரம் குறைந்தது’ என்பதன் பொருள், குறித்த தரத்தை எட்டவில்லை, ஆனால் உயிருக்கோ உடலுக்கோ கேடு என்று சொல்லும் அளவுக்கும் இல்லை என்பது. உங்கள் மாமனார் பட்டது வேறு சட்டம். 1954-ம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தில் கலப்படம் என்ற சொல்லின் வலை அகலம். அதில் விழுந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட், நிரூபணமானால் பெரும்பாலும் குறைந்தது ஆறு மாதச் சிறை. எடைக்காக மணலைக் கலந்தவரும், தெரியாமல் தூசி சேர்ந்துவிட்டவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். 2006-ம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கிவிட்டு, இரண்டு பேரையும் பிரித்து வைத்திருக்கிறது. அவர் அலைந்த அலைச்சலை உங்கள் தலைமேல் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

இப்போது உங்கள் முன் உள்ள வழிகள்

முதல் வழி மேல்முறையீடு. 46-ம் பிரிவின்படி நியமன அலுவலருக்கு எட்டாம் எண் படிவத்தில் 30 நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம். அலுவலர் எடுத்த நான்கு பாக்கெட்டில் ஒன்று ஆய்வுக்குப் போனது. இரண்டு நியமன அலுவலரிடம் பத்திரமாக இருக்க வேண்டும். நான்காவதை, நீங்கள் கேட்டிருந்தால் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அது உங்கள் உரிமை; தெரியாததால் கேட்கவில்லை. (விலை கொடுத்து வாங்கியதால் ‘அது வெறும் வியாபாரம்’ என்று நினைத்ததாக எழுதியிருந்தீர்கள். மாதிரிக்கு விலை கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம்தான்.) மேல்முறையீட்டை ஏற்றால், மிச்சமுள்ளதில் ஒன்று மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் போன்ற மேல் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே வருவதுதான் இறுதி.

செய்யலாமா? மாதிரி எடுத்த விதத்தில் கோளாறு இருந்தால் கட்டாயம் செய்யச் சொல்வேன். சீல் சரியில்லை, நான்கு பாகம் ஆக்கவில்லை, ஆய்வாளர் 14 நாளில் அறிக்கை தரவில்லை என்பவை அப்படிப்பட்டவை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அலுவலர் எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்திருக்கிறார். வாசலில் தூண் வேலையும் மாடியில் மஞ்சளும் இருக்கும்போது மேல் ஆய்வகத்திலும் அதே எண்தான் வரும் என்பது என் கணிப்பு. கட்டணமும் காத்திருப்பும்தான் உங்களுக்கு மிஞ்சும். ஆனாலும் முடிவு உங்களுடையது. அறிக்கையை ஏற்பதில்லை என்றால் அந்த 30 நாளைத் தவறவிடாதீர்கள்.

இரண்டாவது, சமரசத் தொகை. 69-ம் பிரிவு, தானே செய்து தானே விற்கிற சிறு உற்பத்தியாளர், சில்லறைக் கடைக்காரர், தள்ளுவண்டிக்காரர் போன்றோருக்காகவே இருக்கிறது. சிறைத் தண்டனை இல்லாத மீறல் என்றால், ஆணையர் அதிகாரம் அளித்திருந்தால், நியமன அலுவலர் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு விஷயத்தை முடித்துவிடலாம். உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். இதைத்தான் உங்கள் கணவரின் நண்பர் ‘கொடுத்து முடிப்பது’ என்று சொன்னார் என்று நினைத்துக் குழம்பாதீர்கள். அவர் சொன்னது லஞ்சம். இது மனு எழுதி, உத்தரவு பெற்று, ரசீதோடு அரசுக்குக் கட்டுவது. உங்கள் நிலையில் நான் முதலில் தட்டுகிற கதவு இதுதான்.

மூன்றாவது, விசாரணையைச் சந்திப்பது. அது கோர்ட்டில் நடக்காது. மாவட்ட வருவாய் அலுவலர் தீர்ப்பு அலுவலராக இருந்து விசாரிப்பார். தரம் குறைந்ததற்கு ஐந்து லட்சம் வரை, தப்புக் குறியீட்டுக்கு மூன்று லட்சம் வரை அபராதம் போட அவருக்கு அதிகாரம் உண்டு. எண்ணைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், ‘வரை’ என்ற சொல்லையும் பாருங்கள். எவ்வளவு லாபம் அடைந்தார், யாருக்காவது நஷ்டம் ஏற்பட்டதா, முன்பும் செய்திருக்கிறாரா, தெரிந்து செய்தாரா என்று பார்த்துத்தான் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று 49-ம் பிரிவு சொல்கிறது. நான்கு கேள்விக்கும் உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது. நோட்டீஸ் வந்த பிறகு என்ன திருத்திக்கொண்டீர்கள் என்பதையும் புகைப்படம், ரசீதோடு எடுத்துப் போங்கள். உத்தரவு பிடிக்கவில்லை என்றால் மேலே மாவட்ட நீதிபதி தகுதியில் உள்ள தீர்ப்பாயம் இருக்கிறது. போகாமல் இருந்துவிடுவதுதான் ஆபத்து. நீங்கள் இல்லாமலே உத்தரவு வரும், கட்டாவிட்டால் நில வரி பாக்கி போல வசூலிப்பார்கள், கட்டும்வரை பதிவும் முடங்கும்.

லேபிள்

மஞ்சள் தூள் பாக்கெட்டில் தொகுதி எண் இல்லை, தயாரித்த தேதி ரப்பர் ஸ்டாம்பில் அழிந்திருக்கிறது, பச்சைப் புள்ளி இல்லை. இவை அறிக்கையில் வந்துவிட்டன. நீங்கள் அனுப்பிய மற்ற பாக்கெட்டுகளின் படத்தையும் பார்த்தேன். அவர்கள் கண்ணில் இன்னும் படாத இரண்டு விஷயங்கள் அதில் இருக்கின்றன.

இட்லிப் பொடியில் கூட்டுப் பெருங்காயம் சேர்க்கிறீர்கள். அந்த டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள், கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். கோதுமையின் குளூட்டன் ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பதால், உங்கள் லேபிளிலும் அது வர வேண்டும். ‘வெறும் பருப்பும் மிளகாயும்’ என்று நம்பிச் சாப்பிடுகிற ஒரு குளூட்டன் ஒவ்வாமைக்காரருக்கு இது விளையாட்டு அல்ல. நிலக்கடலைப் பொடிக்கும் இதே கதைதான்.

இரண்டாவது, கறிவேப்பிலைப் பொடியில் ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்’ என்ற வரி. இன்றைக்கே எடுங்கள். பொய்யான விளம்பரத்துக்கு 53-ம் பிரிவில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்கள் மணலுக்கு இருப்பதைப்போல இரண்டு மடங்கு. போதாததற்கு, நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954-லிருந்தே தனிச் சட்டம் ஒன்று உண்டு, அதன் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. உங்கள் பாட்டி அப்படிச் சொல்லியிருக்கலாம். பாட்டி பாக்கெட் போட்டு விற்கவில்லை. அப்படியே ‘எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அங்கீகாரம் பெற்றது’ என்பதையும் எடுத்துவிட்டு, அவர்களுடைய சின்னத்தையும் உங்கள் 14 இலக்க எண்ணையும் மட்டும் போடுங்கள்.

பில்

மொத்தக் கடையில் மிளகாயைத் துண்டுச் சீட்டில் வாங்குகிறீர்கள், ‘பில் போட்டால் வரி கூடும்’ என்கிறார்களாம். அடுத்த முறை எடுக்கப் போவது மஞ்சளாக இல்லாமல் மிளகாய்த் தூளாக இருந்து, அதில் உணவில் சேர்க்கக்கூடாத சூடான் சாயம் இருந்தால், அந்தத் துண்டுச் சீட்டு எதற்கும் உதவாது. 26-ம் பிரிவு, ஒரு வியாபாரி இன்னொருவருக்கு விற்கும்போது எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும் என்கிறது. தனியாக உத்தரவாதப் பத்திரம் இல்லாவிட்டாலும் பில்லே உத்தரவாதமாகக் கொள்ளப்படும் என்றும் சொல்கிறது. பில்லைக் காட்டினால் விசாரணை மேலே ஏறி அந்தக் கடைக்கும் போகும். காட்டாவிட்டால் உங்களிடமே நின்றுவிடும். நாலு ரூபாய் கூடினாலும் பில் வாங்குங்கள். அண்ணன் விவசாயி, அவரிடம் பில் கேட்க முடியாது. எந்தத் தேதியில் எத்தனை கிலோ வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், போதும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அண்ணா நகர்க் கடைக்கு நீங்கள் கொடுக்கிற பில் உங்கள் உத்தரவாதம். ஆகவே அதே மஞ்சள் அங்கே இன்னும் தொங்குகிறது என்றால் இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள். சட்டத்துக்குப் பொருந்தாத உணவு என்று தெரிந்தால் திரும்பப் பெற வேண்டும் என்று 28-ம் பிரிவே சொல்கிறது. அதோடு, அறிக்கை கையில் கிடைத்த பிறகும் விற்றீர்கள் என்று ஆனால், 49-ம் பிரிவின் ‘தெரிந்து செய்தாரா’ என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

தொழிலை மூடச் சொல்லமாட்டேன். மூடினாலும் இந்த நோட்டீஸ் மறையாது. ஏற்கெனவே விற்றதற்குத்தான் அது வந்திருக்கிறது. மஞ்சளை அண்ணன் களத்திலேயே முழுக்கக் காயவைத்து, அங்கேயே ஒரு முறை கழுவிச் சலித்து அனுப்பச் சொல்லுங்கள். மிளகாயை மாடியில் போட்டே ஆக வேண்டும் என்றால் மேலே மெல்லிய வலைத் துணி கட்டுங்கள், தூண் வேலை முடியும்வரை சின்ன டிரையர் ஒன்றை வாடகைக்கு எடுக்க முடியுமா என்றும் விசாரியுங்கள். அடுத்த அரைவையில் ஒரு பாக்கெட்டை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் உங்கள் காசில் சோதித்துப் பாருங்கள். 1.5-க்குக் கீழே வந்தால், அந்தத் தாளையும் சமரச மனுவோடு இணையுங்கள்.

சிங்கப்பூரிலிருக்கும் மகள் அங்கே விற்கலாம் என்கிறாள் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஸ்பைசஸ் போர்டின் ஏற்றுமதிப் பதிவு வேண்டும். அந்த ஊர் அரசு 2024-ல் ஓர் இந்திய மசாலாவையே எத்திலீன் ஆக்சைடு என்ற பூச்சிக்கொல்லிக்காகத் திரும்பப் பெறச் சொன்னது. முதலில் சென்னை நியமன அலுவலர் அலுவலகத்துக்கு ஆய்வறிக்கை, தபால் உறை, பதிவுச் சான்று, புதிய லேபிள் மாதிரி, சமரச மனு இரண்டு நகல் ஆகியவற்றோடு போய்வாருங்கள். ஒரு நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.